சாரலில் பெயிண்ட் அடித்தவள்

ஜூன் 16, திங்கள்

எனக்கு ரகசியம் தங்காது என்று என் மகள் மதிவதனி சொல்கிறாள். அதற்காகத்தான் இந்த டைரி. கோயம்புத்தூரில் அவள் வேலை பார்க்கும் வங்கியில் கொடுத்ததாம். பாதி வருடம் போன பிறகு டைரி எதற்கு என்று கேட்டேன். "யார்கிட்டயாவது எதையாவது சொல்லணும்னு நாக்கு அரிச்சா இதுல எழுதும்மா. எழுதிட்டு மூடி வச்சிரு," என்றாள். உண்மையில் அவளுக்கு என் கையெழுத்து பிடிக்கும். நேராகச் சொல்லக் கூச்சப்பட்டுச் சுற்றி வளைக்கிறாள்.

சரி, எழுதுகிறேன். அம்பாசமுத்திரத்திலிருந்து மதியைப் பெண் பார்க்க வருகிறார்கள். பையன் பெயர் பரணிதரன். அப்பா இல்லை, அம்மாவுக்கு ஒரே பிள்ளை. ஆடி பிறந்துவிட்டால் பேச்சே எடுக்க மாட்டார்கள், அதனால் ஆனிக்குள் வந்துவிட வேண்டும். இரண்டு வருடமாக எந்த ஜாதகத்தையும் ஏறெடுத்துப் பார்க்காத மதி, இந்தப் பையனோடு போனில் பேசுகிறாள், பேசிவிட்டுச் சிரிக்கவும் சிரிக்கிறாள். இது கைகூட வேண்டும். எனக்கு வேறு கவலையே கிடையாது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ராஜபாளையத்துச் சம்பந்தம் ஒன்று நிச்சயத்துக்கு நாள் குறித்த பிறகு நின்று போனது. மதிக்குச் சிறு வயதிலிருந்தே வீசிங் உண்டு. தூசியிலும் மழைக்காலத்திலும் இழுக்கும், இன்ஹேலரை வைத்து இழுத்தால் அடங்கிவிடும். இதைப் போய் யாரோ அவர்களிடம் சொல்ல, சீக்குக்காரப் பெண் வேண்டாம் என்று விட்டார்கள். யாரோ என்ன யாரோ, செண்பகம் அக்காதான்.

செண்பகம் அக்கா என் ஓரகத்தி, என் வீட்டுக்காரருடைய அண்ணன் பெண்டாட்டி. பாகம் பிரித்தபோது ஒரே வீட்டை நடுவில் சுவர் எழுப்பி இரண்டாக்கினோம். தெற்குப் பாதி அவர்களுக்கு, வடக்குப் பாதி எங்களுக்கு. அந்தச் சம்பந்தம் நின்ற வாரம் அவள் ராஜபாளையத்துக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாள். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? அன்றோடு பேச்சை நிறுத்தினேன். அவள் வாசற்படியை மிதிப்பதில்லை என்று சபதமும் போட்டேன்.

இந்தத் தடவை நிச்சயம் முடிகிறவரை வீசிங் விஷயம் வெளியே போகக் கூடாது. முதலிலேயே பையனிடம் சொல்லிவிடுவேன் என்று மதி குதித்தாள். அழுது சத்தியம் வாங்கியிருக்கிறேன். "நான் சொல்லல. நீ சொல்லாம இரு," என்றாள். பெற்றவளிடம் பேசுகிற பேச்சா இது?

ஜூன் 18

எங்கள் வீட்டைத் தெருவில் நின்று பார்த்தேன். பார்த்துப் பல வருடம் ஆகிறது.

முகப்பு ஒன்றுதான். ஆனால் எங்கள் பாதி ரோஸ், அவர்கள் பாதி பச்சை. நடுவில் ஸ்கேல் வைத்தது போல ஒரு கோடு. தென்காசியில் அண்ணன் தம்பி பிரிந்த வீடு எது என்று ஜோசியம் பார்க்க வேண்டியதில்லை, தெருவில் நடந்து போனாலே தெரியும். அந்தப் பச்சையும் உரிந்து தொங்குகிறது. ஒரே பிள்ளையை வைத்திருக்கிற அம்மா இதைப் பார்த்தால் என்ன நினைப்பாள்? சண்டைக்காரக் குடும்பம் என்று காரை விட்டு இறங்க மாட்டாள்.

இரண்டு பாதியும் ஒரே கலரில் இருக்க வேண்டும். அதற்கு அக்காவிடம் கேட்க வேண்டும். அதற்குப் பதில் பெயிண்டைக் குடித்துவிடலாம்.

ஜூன் 20

இன்று காண்டிராக்டர் பார்க்கும் படலம்.

முதலில் வந்தவர் போனில் எங்கள் வீட்டைப் படம் பிடித்து, அதற்குள்ளேயே கலர் அடித்துக் காட்டினார். படத்தில் அக்கா பாதிக்கும் சேர்த்து அடித்து, வாசலில் எங்களிடம் இல்லாத காரையும் நிறுத்தியிருந்தார். எனக்குப் பிடித்திருந்தது. சாரல் முடிந்து ஆவணியில்தான் வருவேன் என்றார். பிடிக்காமல் போயிற்று.

இரண்டாவது ஆள் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, இடித்துக் கட்டுவது நல்லது என்றார். காப்பிகூடக் கொடுக்கவில்லை.

மூன்றாவது சவரிமுத்து, பாவூர்சத்திரத்துக்காரர். சுவரைப் பார்ப்பதற்கு முன்னால் மேற்கே மலையைப் பார்த்தார். "எக்கா, சாரல்ல பெயிண்ட் அடிக்கிறதும் ஆத்துல கோலம் போடுறதும் ஒண்ணுதான். ஆனா அடிச்சிரலாம்," என்றார். எனக்கு இரண்டாவது வாக்கியம் பிடித்திருந்தது. பேசி முடித்துவிட்டேன்.

வாடை இருக்கிற பெயிண்டா, இல்லாத பெயிண்டா என்று கேட்டார். ஏன் கேட்கிறார் என்று கேட்டதற்குச் சும்மாதான் கேட்டேன் என்றார். தொழில் செய்கிறவரிடம் விஷயத்தை மறைத்தால் வேலை கெடும். அதனால் மதிக்கு வீசிங் என்பதையும், பெண் பார்க்க வருகிறார்கள் என்பதையும், ராஜபாளையத்துக் கதையையும் சொல்லி, வெளியே மூச்சுக் காட்டக் கூடாது என்றேன். நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். நம்பகமான ஆள்.

ஜூன் 21

பெயிண்ட் கடைக்குப் போனேன். அட்டையில் வெள்ளை மட்டுமே இத்தனை வெள்ளை இருக்கும் என்று தெரியாது. முத்து வெள்ளை, முல்லை வெள்ளை, பால் வெள்ளை. எல்லாம் ஒன்றுதானே என்றேன். கடைக்காரர் முகம் சுருங்கிவிட்டது.

நான் எதுவும் கேட்பதற்கு முன்னாலேயே, "பாப்பாவுக்கு வீசிங்காமே, சவரிமுத்து சொன்னான். வாடை இல்லாததையே எடுத்துக்கிடுங்க," என்றார். எனக்கு வந்த கோபம்! சிலுவை போட்ட கை காய்வதற்குள் சொல்லிவிட்டாரே. சில பேருக்கு வயிற்றில் ஒன்றும் நிற்பதில்லை. அரைகுறையாகக் கேட்ட கடைக்காரர் மதியைப் பெரிய நோயாளி என்று நினைத்துவிடக் கூடாதே என்று, முதலிலிருந்து முழுக் கதையையும் நான் விளக்கிச் சொல்ல வேண்டியதாயிற்று. பாதியில் வந்து சேர்ந்த இன்னும் இரண்டு பேருக்காக மறுபடி ஆரம்பத்திலிருந்து சொன்னேன்.

சுவருக்கு வாடை இல்லாத எமல்ஷன். கதவு ஜன்னலுக்கு மட்டும் எனாமல். அதில்தான் முகம் பார்க்கலாம் போலப் பளபளப்பு வருகிறது. வாடை கொஞ்ச நாள் நிற்கும் என்று கடைக்காரர் இழுத்தார். அதற்குள் போய்விடும் என்று நான் தைரியம் சொன்னேன்.

கலர் முடிவாகவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

என் வீட்டுக்காரரிடம் என்ன கலர் என்று கேட்டேன். "எதுன்னாலும் சரி," என்றார். என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போனபோதும் இதையேதான் சொன்னாராம்.

சவரிமுத்து எங்கள் சுவரில் கட்டம் கட்டமாக ஏழெட்டுக் கலரைத் தடவி வைத்தார். தெருவே வந்து நின்று தீர்ப்புச் சொல்கிறது. இஸ்திரிக்காரர் நீலம் என்கிறார், பால்காரம்மா அரக்கு என்கிறார். எதிர் வீட்டு வாத்தியார், எல்லாவற்றையும் இப்படியே விட்டுவிட்டால் என்ன என்கிறார். அவர் பேச்சை எப்போதும் யாரும் கேட்பதில்லை.

மாலையில் மதி போன் பண்ணினாள். "சந்தனக் கலர் அடிம்மா. பெரியம்மாவுக்கும்..." என்று சொல்லி நிறுத்தினாள். பெரியம்மாவுக்கு என்ன என்று கேட்டேன். "பெரியவங்களுக்கும் சின்னவங்களுக்கும் பிடிக்கும்னு சொன்னேன்," என்றாள். பிள்ளை யோசித்துப் பேசுகிறாள். சந்தனம் என்றே முடிவு செய்துவிட்டேன்.

ஜூன் 24

சாரல். சவரிமுத்து வரவில்லை.

ஜூன் 25

சாரல். வந்தார், டீ குடித்தார், மலையைப் பார்த்தார், போனார்.

ஜூன் 27

வழி கண்டுபிடித்துவிட்டேன்.

செண்பகம் அக்காவுக்கு ஒரு குணம் உண்டு. நான் எது வாங்கினாலும் அதே சாமானை ஒரு சுற்றுப் பெரிதாக வாங்குவாள். நான் கிரைண்டர் வாங்கினேன், அவள் சாய்க்கிற கிரைண்டர் வாங்கினாள். நான் காசிக்குப் போனேன், அவள் காசிக்குப் போய்விட்டுக் கயாவுக்கும் போனாள். ஆகவே கேட்க வேண்டியதே இல்லை. பொறாமையைக் கிளப்பிவிட்டால் போதும்.

அவள் ஜன்னலுக்குக் கீழே நின்று, சவரிமுத்துவிடம் நன்றாகக் காதில் விழுகிற மாதிரிச் சொன்னேன். சந்தனக் கலர் எல்லா வீட்டுக்கும் அமையாது, அதற்கென்று ஒரு களை வேண்டும், பக்கத்து வீட்டுக்கெல்லாம் அடித்தால் எடுபடாது என்றேன். சவரிமுத்து ஏன் கத்துகிறேன் என்று கேட்டார். ஜன்னல் கொஞ்சம் திறந்து மறுபடி மூடியது. மீன் தூண்டிலைப் பார்த்துவிட்டது.

ஜூன் 30

வெயில் எட்டிப் பார்த்தது. ஓடி ஓடிப் பட்டி பார்த்தார்கள், உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார்கள். நடுவில் சவரிமுத்து தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று அக்கா வீட்டுக்குள் போனார். தண்ணீர் குடிக்கப் போனவர் வெகுநேரம் கழித்து உளுந்த வடை வாசனையோடு வந்தார். என்ன பேசினீர்கள் என்று கேட்டேன். "சும்மா, குடும்ப விசயம்," என்றார். யார் குடும்பம் என்று சொல்லவில்லை.

என் வீட்டுக்காரர் வழக்கம்போல டீக்கடைக்குப் போய்விட்டார். அங்கே அவரும் அவருடைய அண்ணனும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே பேப்பரைப் பாதி பாதியாகப் படிப்பது எனக்குத் தெரியாது என்று இரண்டு பேருமே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆம்பிளைகளுக்கு ஒரு சண்டையை ஒழுங்காக நடத்தத் தெரியாது.

ஜூலை 4

இன்று பெரிய கண்டத்திலிருந்து தப்பித்தேன்.

பையனின் அம்மா போன் பண்ணினார். வருகிற ஞாயிற்றுக்கிழமையே வந்துவிடட்டுமா என்று கேட்டார். பெயிண்ட் வேலை நடக்கிறது, அதற்கு அடுத்த ஞாயிறு பதிமூன்றாம் தேதி வாருங்கள் என்றேன். பெயிண்ட் வாடை எங்களுக்கு ஒன்றும் செய்யாது என்றார். எங்களுக்கும் ஒன்றும் செய்யாது, சில பேருக்குத்தான் ஆகாது என்றேன். யாருக்கு என்றார். பொதுவாகச் சொன்னேன், வயசுப் பிள்ளைகளுக்கு என்றேன். உங்கள் மகளுக்கா என்றார். அதெல்லாம் சின்ன வயதில் இருந்தது, இப்போது மழைக்காலத்தில் இரண்டு இழுப்பு இழுத்தால் சரியாகிவிடும் என்று சொல்லி, சட்டென்று பேச்சை மாற்றிவிட்டேன். எங்கள் வீட்டுக்கு அடையாளம் கேட்டார். தெருவுக்கே ஒரு சந்தனக் கலர் வீடுதான், தவறவே தவறாது என்றேன்.

வேறு ஒருத்தியாக இருந்தால் உளறியிருப்பாள். நான் ஒரு வார்த்தை விடவில்லை.

ஜூலை 7

எங்கள் பாதி முடிந்தது. சந்தனம் என்றால் சந்தனம். தெருவில் நின்று பார்த்தால் தேய்த்துப் பூசிக்கொள்ளலாம் போல இருக்கிறது. ஆனால் பக்கத்தில் அந்தப் பச்சை அப்படியே நிற்கிறது. முன்பு இரண்டும் பழசு, கண்ணை உறுத்தவில்லை. இப்போது பட்டுச்சேலைக்குப் பக்கத்தில் அடுக்களைக் கைப்பிடித்துணியைத் தொங்கவிட்டதுபோல இருக்கிறது.

மீன் இரையைத் தின்னவில்லை. சாப்பாடு இறங்கவில்லை. மதி முகம் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. ராஜபாளையத்துக்காரர்கள் விட்டுப் போனபோது அவள் அழவில்லை, வாங்கிவைத்த புடவையை மடித்து எடுத்து வைத்துவிட்டு வேலைக்குப் போனாள். அழுதிருந்தால்கூட எனக்கு இவ்வளவு பயம் இருந்திருக்காது.

ஜூலை 9

சாரம் நகர்ந்தது! எங்கள் பக்கத்திலிருந்து கழற்றிய கம்பை எல்லாம் அக்கா பக்கத்தில் கட்டுகிறார்கள். டப்பாவைத் திறந்து பார்த்தேன். சந்தனம். அதே நம்பர்.

என் மூளையை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது. சவரிமுத்துவிடம், பார்த்தீர்களா என் வேலையை என்றேன். "அவிய அப்பவே சொல்லிட்டாவ எக்கா. ஒங்க பாதி காயட்டும்னுதான் காத்திருந்தோம். மதி பாப்பாதான் போன்ல..." என்று ஆரம்பித்தவர், தூரிகையைத் தேடிக்கொண்டு மேலே ஏறிவிட்டார். பாவம், வயதாகிறது, யார் எப்போது என்ன சொன்னார்கள் என்று குழம்புகிறார்.

ஜூலை 10

கதவுக்கும் ஜன்னலுக்கும் எனாமல் அடித்தாயிற்று. சாரலில் காயவே மாட்டேன் என்கிறது. என் வீட்டுக்காரர் கதவில் சாய்ந்து நின்று பேப்பர் படித்துவிட்டார். ஒரு சட்டை போயிற்று, கதவில் ஒரு முதுகு விழுந்தது. மறுபடி அடித்தோம்.

ஜூலை 12, சனி

தெருவிலிருந்து பார்த்தால் கோடு இல்லை. ஒரே வீடு, ஒரே கலர். பார்த்துக்கொண்டு நின்றபோது ஏனோ முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். பெயிண்ட் வாடைதான்.

மதி காலையில் வந்தாள். வாசலில் கால் வைத்ததுமே மூக்கைச் சுருக்கி, கதவுக்கு என்ன அடித்தாய் என்று கேட்டாள். பளபளப்பைக் காட்டினேன். அவள் பளபளப்பைப் பார்க்கவில்லை, இருமிக்கொண்டே பின்வாசலுக்குப் போய்விட்டாள். காற்று வாங்கப் போனவள் நெடுநேரம் வரவில்லை. வந்தபோது மூச்சு சீராக இருந்தது, தலையில் பிச்சிப்பூ இருந்தது. பிச்சிக்கொடி சுவருக்கு அந்தப் பக்கம் அக்கா வீட்டில்தான் இருக்கிறது. எட்டிப் பறித்திருப்பாள், கெட்டிக்காரி.

ஜூலை 13, ஞாயிறு

எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

காலையிலிருந்தே தூறல். ஜன்னலைத் திறந்தால் சாரல் உள்ளே அடிக்கிறது, மூடினால் எனாமல் வாடை மண்டையைப் பிளக்கிறது. மதியைப் பின்பக்கத்து அறையில் சேலை கட்டச் சொல்லிவிட்டு, கேசரியும் பஜ்ஜியும் போட்டு வைத்து, நானும் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்தேன். கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. எழுந்து சேலையைச் சரிசெய்து, வாங்க என்று சொல்வதற்கு வாயைத் தயாராக வைத்துக்கொண்டேன். யாரும் வரவில்லை.

கொஞ்ச நேரத்தில் நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் நாற்காலி இழுக்கிற சத்தம் கேட்டது. புதுக் குரல் ஒன்று, அதற்குச் செண்பகம் அக்கா பதில் சொல்கிற குரல் ஒன்று.

"அங்க போயிட்டாவ போல," என்றார் என் வீட்டுக்காரர்.

போகாமல் என்ன செய்வார்கள்? சந்தனக் கலர் வீடு என்று சொன்னேன். முழு வீடும் சந்தனம். பழைய பெரிய வாசல் அக்கா பாதியில் இருக்கிறது. எங்கள் வாசல் ஜன்னலாக இருந்து கதவானது. கண்ணுள்ள யாரும் பெரிய வாசலுக்குத்தான் போவார்கள். ஒரு சம்பந்தத்தைக் கலைத்தவளின் கையிலேயே அடுத்த சம்பந்தத்தையும் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன்.

மதியைக் கூப்பிட்டேன். அறையில் இல்லை. பின்வாசலுக்கு ஓடினேன். அங்கே நடுச்சுவர் இடுப்பளவுதான். சுவரோரம் ஒரு துவைகல் கிடக்கும், என் வீட்டுக்காரர் கால் கழுவப் போட்டிருக்கிறார் என்று நினைத்திருந்தேன். எட்டிப் பார்த்தால் அந்தப் பக்கமும் அதேபோல ஒரு கல். இரண்டு கல்லிலும் மேல்பக்கம் ஏறி ஏறித் தேய்ந்திருந்தது.

அக்காவின் வாசற்படியை மிதிப்பதில்லை என்பதுதான் என் சபதம். பின்சுவரைப் பற்றிச் சபதத்தில் எதுவும் இல்லை. பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினேன். இறங்கும்போது பிச்சிக்கொடியில் கொண்டை மாட்டியது.

அக்காவின் அடுக்களை வழியாகக் கூடத்தை எட்டிப் பார்த்தேன். ஜன்னலோரம் நாற்காலியில் மதி உட்கார்ந்திருந்தாள். மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. கையில் இன்ஹேலர். பையனின் அம்மா அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். பையன் ஜன்னல் கதவை இன்னும் அகலத் திறந்துகொண்டிருந்தான். அக்கா வெந்நீர் டம்ளரோடு நின்றாள். எங்கள் வீட்டு வாடை தாங்காமல்தான் மதி காலையிலேயே சுவர் தாண்டி வந்திருக்கிறாள். நான் மறைத்ததெல்லாம் நட்ட நடுக்கூடத்தில் உட்கார்ந்திருந்தது.

இரண்டு வருடமாக அவளிடம் பேசாத வாய் தானாகத் திறந்தது.

"இந்தத் தடவையும் சொல்லிட்டியளா அக்கா?"

கூடத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா டம்ளரை மதியிடம் கொடுத்தாள். பையனின் அம்மாதான் பேசினார்.

"வாங்க மதினி. அவிய ஏன் சொல்லணும்? பெயிண்ட் வாடை பிள்ளைக்கு ஆகாது, மழைக்கு ரெண்டு இழுப்பு இழுக்கணும்னு நீங்கதான போன்ல சொன்னிய. நான் அன்னைக்கே எம் மவங்கிட்ட சொன்னேன், மறைக்கத் தெரியாத வீடா இருக்கு, இங்கயே முடிச்சிரலாம்னு."

மதி இன்ஹேலரை வாயிலிருந்து எடுத்தாள். மூச்சு இழுக்கும்போதே அவளுக்குச் சிரிப்பும் வந்து, புரையேறி, பையன் தண்ணீர் எடுக்க ஓடினான். அடுக்களை எந்தப் பக்கம் என்று தெரியாமல் என்மேல் மோதினான்.

அன்று போனில் சிக்னல் சரியில்லை. நான் ஒன்று சொல்ல அவர் வேறு ஒன்றாக ஊகித்திருக்கலாம். எப்படியோ, அதனால் கெடுதல் ஒன்றும் இல்லை.

கேசரியும் பஜ்ஜியும் சுவர் தாண்டி வந்தன. அண்ணனும் தம்பியும் இரண்டு கல்லில் நின்று கைமாற்றினார்கள். இத்தனை நாள் பேசாதவர்கள் போல நடிக்க வேண்டும் என்பது இரண்டு பேருக்கும் மறந்துவிட்டது. பையனும் மதியும் பின்வாசலில் நின்று பேசினார்கள். ஆவணி முதல் முகூர்த்தத்தில் நிச்சயம் என்று முடிவாயிற்று. புறப்படும்போது பையனின் அம்மா, வீடு நல்ல பெரிய வீடு, ஒரே கலராக அழகாக இருக்கிறது என்றார். அக்காவும் நானும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் தலையை ஆட்டினோம்.

அவர்கள் போன பிறகு அக்கா அடுக்களையில் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள். நான் துடைத்தேன். எவ்வளவு நேரம் துடைப்பது? கடைசியில் நானே ஆரம்பித்தேன். இந்தத் தடவை நீங்கள் சொல்லவில்லை, சரி. ராஜபாளையத்தில் நீங்கள் சொன்னதுதானே என்றேன். இரண்டு வருடத்துக்குப் பிறகு அவள் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள்.

"ஏளா உலகு, ராஜபாளையத்துக்குச் சேலை எடுக்கப் போனியே, பஸ்ல ஒரு பொம்பளைகிட்ட வழி நெடுக பேசிட்டுப் போனியாமே, நெனைவிருக்கா?"

யாரிடமோ பேசியிருப்பேன். பஸ்ஸில் வேறு என்ன செய்வது?

"அவ அந்த மாப்பிள்ளைக்குச் சித்தி. கல்யாண வீட்டுல அவளே எங்கிட்ட சொன்னா. பொண்ணோட அம்மையே சொன்ன விசயம், பொய்யா இருக்காதுன்னு சொன்னா."

கையிலிருந்த டம்ளரை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அப்புறம் ஏன் அன்றைக்கே என் முகத்தில் சொல்லவில்லை, ஏன் இத்தனை நாள் பழியைச் சுமந்தீர்கள் என்று கேட்டேன். அவள் குழாயை மூடினாள்.

"நான் சொல்லியிருந்தா மதிக்குத் தெரிஞ்சிரும். நீ எங்கூடப் பேசலைன்னா உனக்கு ஒண்ணும் ஆகாது. அவ உங்கூடப் பேசாமப் போனா நீ என்ன ஆவ?"

நான் அழுதேன். நன்றாகச் சத்தம் போட்டே அழுதேன். அவள் என் கொண்டையில் சிக்கியிருந்த பிச்சி இலையை எடுத்துப் போட்டுவிட்டு, இதை மட்டும் மதியிடம் சொல்லிவிடாதே, தரகர் உளறியிருப்பார் என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள், அப்படியே இருக்கட்டும் என்றாள். பிறகு, கேசரியில் நெய் கம்மி என்றாள்.

அந்தப் பஸ்காரி சொன்னது உண்மைதானா என்று இப்போது யார் விசாரிக்கப் போகிறார்கள்? எழுதிவிட்டேன், அவ்வளவுதான்.

ஜூலை 14

மதி காலை பஸ்ஸில் கோயம்புத்தூர் போனாள்.

நான் தெருவில் ஒரு சுற்று வந்தேன். பால்காரம்மா, இஸ்திரிக்காரர், எதிர் வீட்டு வாத்தியார், பெயிண்ட் கடைக்காரர், அந்த நேரம் கடையில் நின்றவர்கள் எல்லோரிடமும், ராஜபாளையத்தில் செண்பகம் அக்கா ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை, அவளைச் சொன்ன வாய் அழுகிப்போகும் என்று சொன்னேன். இரண்டு வருடமாக நீங்கள்தானே சொல்லிக்கொண்டிருந்தீர்கள் என்றார் வாத்தியார். அவர் பேச்சை யாரும் கேட்பதில்லை. அப்படியானால் யார்தான் சொன்னது என்று பால்காரம்மா கேட்டார்.

"யாரோ ஒரு ஓட்டவாய்," என்றேன்.

சவரிமுத்து சாரத்தைப் பிரிக்கும் முன், முகப்பைச் சுற்றி ஒரு பார்டர் இழுக்கட்டுமா என்று கேட்டார். அக்கா அரக்கு என்றாள், நான் காப்பிக்கொட்டை என்றேன். மத்தியானம்வரை சண்டை போட்டோம். இத்தனை நாளைக்கும் சேர்த்துப் போட்ட சண்டை, தெருவே வேலையை விட்டுவிட்டுக் கேட்டது. சவரிமுத்து நிழலில் படுத்துத் தூங்கிவிட்டார்.

ஜூலை 15

மதி போன் பண்ணினாள். அவனோடு பேசினாளாம், ஏதேதோ சொன்னாள், குரலே வேறாக இருந்தது. வைக்கும்போது, "ஞாயித்துக்கிழமை அடுக்களையில நீயும் பெரியம்மாவும் அவ்வளவு நேரம் என்னம்மா பேசினிய? நீ அழுத மாதிரி இருந்துச்சே," என்று கேட்டாள்.

நாக்கு நுனிவரை வந்துவிட்டது. வந்தது அங்கேயே உட்கார்ந்துகொண்டு நகர மாட்டேன் என்றது. எனக்கு வியர்த்துவிட்டது. இப்படியெல்லாம் ஆகும் என்று தெரியாது, ரகசியத்தை வைத்திருக்கிறவர்கள் எப்படித்தான் ராத்திரி தூங்குகிறார்களோ.

"பெயிண்ட் பத்தித்தான்," என்றேன்.